அது விட்ட பிழை

யசோதரா நிலாவெளிக் கிராமத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கொழும்புக் கம்பனியின் செயலிகளில் பிழை பார்த்துக் கொடுத்து வந்தாள். எப்படிப் பிழை பிடிக்கிறாள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எட்டு மாதம் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த செயற்கை நுண்ணறிவு அவளுடைய வேலையைச் செய்யத் தொடங்கியதும், அவளை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் மேலாளர் சாரங்கன் அழைத்தார்.

"தங்கச்சி, எங்கட புதுச் செயலியில அது ஒரு பிழையைப் பிடிக்காம விட்டிட்டுது. ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

"வேலையைத் திருப்பித் தருவீங்களோ?"

"அது ஏலாது. நீங்கள் சொன்னா, அதுக்கும் படிப்பிச்சு விடலாம்."

"அப்ப எனக்கும் ஏலாது," என்று அழைப்பைத் துண்டித்தாள்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அந்தச் செயலியைத் தன் போனில் திறந்து பார்த்தாள். பத்து நிமிடத்தில் பிழை அகப்பட்டது. அந்தக் கெட்டித்தனத்தை இனி யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல், போனைக் கவிழ்த்து வைத்தாள்.