இடது கால்

கூடத்தில் கிடத்தியிருந்த அக்காவின் உடலில், காலை மூடியிருந்த போர்வை மறுபடி விலகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. எழுந்து போய் இழுத்துவிட்டாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை. போர்வை விலகவே இல்லை என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும்தான்.

"ஒரு எடத்துல உக்காரேன்," என்றான் கணவன். உட்கார்ந்தாள். உடனே எழுந்து, கழுவிக் காய்ந்த பாத்திரங்களை மறுபடி கழுவப் போனாள்.

அடுக்களையிலும் இருப்புக்கொள்ளவில்லை. காலில் கட்டியிருந்த ரத்தம் நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். யார்மேலும் தப்பில்லை, அது தானாகவே நகரும் என்றும் சொன்னார். பாவம், நேற்று சாயங்காலம் அந்தக் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டது யார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பதினெட்டு வருஷமாக மசாஜ்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. நிலையத்துக்கு எப்பேர்ப்பட்டவர் வந்தாலும், கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் தொட மாட்டாள். முதலில் ஸ்கேன் எடுங்கள் என்று அனுப்பிவிடுவாள். முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஞாயிறுதோறும் அக்காவுக்குப் பிடித்துவிடுவது மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து குனிந்து தோள் இறுகிப்போனவள் அக்கா. புருஷன் விட்டுப்போன பிறகு அவளை ஆசையாகத் தொட ஆளில்லை. தோள் இளக இளக வாயும் திறக்கும். வாரம் முழுக்க விழுங்கியதெல்லாம் வெளியே வரும். அன்று மட்டும் தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குவாள்.

நேற்று தோளோடு நிற்கவில்லை. இடது காலையும் நீட்டினாள் அக்கா. வலிக்கிறதா என்றதற்கு, சும்மா அசதிதான் என்றாள். கட்டைவிரலில் சூடு தட்டியது. தெரியாமல் என்ன, நன்றாகவே தெரிந்தது. ஆனால் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தி வயிற்றை எக்கிக்கொண்டு நின்ற கதையைச் சொல்லி, அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று நினைத்தாள். கையை எடுக்கவில்லை.

அக்காவின் மகள் அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வேலைக்குப் போகிற பெண். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சித்தி, அம்மாவுக்கு மூணு நாளா கால் வலி. எனக்குத் தெரியும்."

இவள் கையிலிருந்த தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னா நீங்க கைய எடுத்துடுவீங்களாம். வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இருக்கு, அதையும் கெடுத்துடாதேன்னாங்க. நான் சொல்லியிருந்தா இருந்திருப்பாங்கல்ல?"

வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். பாரத்தில் பாதி இந்தப் பெண்ணின் தலையில் இறங்கிவிடும். அதற்கு ஆசையாகக்கூட இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் கூச்சமாக இருந்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? தொட்டதுமே தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் பிடிச்சுவிட்டேன்."

பெண் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. தூக்குவதற்கு ஆள் கூப்பிட்டார்கள். தலைமாட்டில் நின்ற கணவன் கையசைத்து அழைத்தான். அவள் கால்மாட்டுக்குப் போனாள். அங்கே அக்காவின் மகள் ஏற்கெனவே குனிந்திருந்தாள். நிமிரவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.