வலது ஓரத்து வேட்டி

போன சீசனில் குத்தாலிங்கம் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. ஐந்தருவியில் சினிமாக்காரர்கள் படம் பிடித்தார்கள், கூட்டத்தில் ஒருவனாக நின்றேன் என்றார். மனைவி முத்துவடிவு நம்பவில்லை. நெல் மண்டி குமாஸ்தாவை எந்த சினிமாக்காரன் கூப்பிடுவான்? எங்கேயோ உட்கார்ந்து சீட்டு ஆடியிருக்கிறார் என்று முடிவு கட்டி, ராயகிரிக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். “படம் வரட்டும். அதுல இருந்தா வாரேன்” என்பதுதான் கடைசியாகச் சொன்னது.

பதினொரு மாதம் கழித்துப் படம் தென்காசிக் கொட்டகைக்கு வந்தது. குத்தாலிங்கம் முதல் ஆட்டமே போனார். அருவி வந்தது. கதாநாயகி வந்தாள். பாறை வந்தது, பாறைக்கு இந்தப் பக்கம் நின்ற ஆடுகூட வந்தது. ஆட்டுக்கு அடுத்து நின்ற குத்தாலிங்கம் வரவில்லை. அந்த இடத்தில் திரை முடிந்து, அதைச் சுற்றிய கறுப்புத் துணி தொடங்கியது.

ஆட்டம் முடிந்ததும் மிஷின் ரூமுக்கு ஏறினார். ஆப்பரேட்டர் முகம்மது இஸ்மாயில் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பாய், படத்துல நான் எங்க?”

“வலது பக்கம் ரெண்டரை முழம் வெளிய விழுதுவே. லென்சு பெரிய கொட்டகைக்கு உள்ளது, திரை சின்னது. அதுல நீரும் போயிட்டீரு.”

“அத ஏன் மொத்தமா என் பக்கமே தள்ளுதீரு? நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் பாதிப் பாதி போவும்லா?”

“பேரு போடுத எழுத்து இடது பக்கம்லா ஆரம்பிக்குது. மொத எழுத்து போச்சுன்னா மொதலாளி என்னைய வெளிய அனுப்பிருவாரு. கடைசி எழுத்து போனா சனங்க சேத்துப் படிச்சுக்கிடும்.”

ஆனாலும் மறுநாள் மனசு இரங்கி, மிஷினைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். குத்தாலிங்கத்தின் குடை தெரிந்தது. கதாநாயகனுக்குப் பாதி முகம்தான் இருந்தது. “ஏலே ஆப்பரேட்டரு, மீதி மூஞ்சி எங்கலே?” என்று தரை டிக்கெட் எழுந்து நின்றது. மிஷின் பழையபடி திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குத் தம்பி தாணுவோடு வருவதாக முத்துவடிவு கார்டு போட்டிருந்தாள். குத்தாலிங்கம் கார்டை இஸ்மாயிலிடம் காட்டினார். இஸ்மாயில் இரண்டு தடவை படித்தார்.

“கறுப்புத் துணி வெளிச்சத்தக் குடிச்சுருது. அந்த எடத்துல வெள்ளத் துணி கட்டும், அதுல விழுவீரு. ஒரு முழ அகலம் போதும். கூடக் கட்டாதயும்.”

வீட்டில் வெள்ளையாக இருந்தது கல்யாண வேட்டி ஒன்றுதான். ஞாயிறு மத்தியானம் ஏணி போட்டு அதை மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டார். மடிக்க மனசில்லை. முழு ஆளாகத் தெரிய வேண்டும் என்று அகலமாக விரித்தே கட்டினார்.

முத்துவடிவு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நடுவில் குட்டைச் சுவர். இந்தப் பக்கம் தாணுவும் அவரும்.

அருவி வந்தது. ஆடு வந்தது. ஆட்டுக்கு அடுத்து, வேட்டியில், குத்தாலிங்கம் குடையோடு முழுசாக வந்தார். அவருக்கு அடுத்து, வேட்டியின் மீதி அகலத்தில், அதே குடைக்குள் டான்ஸ் கோஷ்டிப் பெண் ஒருத்தி ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நின்றதையே குத்தாலிங்கம் மறந்திருந்தார்.

“அத்தான், நீங்க சினிமாவுல இருந்தது நெசந்தான்” என்றான் தாணு.

ஆட்டம் விட்டதும் முத்துவடிவு வாசலில் நின்றாள். வெளியே சாரல்.

“சீட்டு ஆடலைன்னு தெரிஞ்சுது. அவ யாரு?”

“பேரு தெரியாது. டைரக்டரு குடையப் புடின்னாரு. புடிச்சேன்.”

“கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சு. எனக்கு ஒரு நாளு புடிச்சிருக்கியளா?”

குத்தாலிங்கம் கையிலிருந்த குடையைப் பார்த்தார்.

“மொதல்ல அந்த வேட்டிய அவுத்து எடுத்துட்டு வாங்க. கல்யாண வேட்டியில கண்டவளையும் நிக்க விட்டுக்கிட்டு.” தம்பியிடம் திரும்பினாள். “ஏலே, நீ ஊருக்குப் போ. என் டிரங்குப் பெட்டிய நாளைக்கு பஸ்ல ஏத்தி விடு.”

வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குத்தாலிங்கம் குடையை விரித்தார். வீடு வரைக்கும் அவள் தலைக்கு மேலேயே பிடித்தார். குடை சின்னது. அவர் அரை முழம் வெளியே நடந்தார்.