கணக்கு டீச்சரின் புகார்

கணக்கு டீச்சருக்கு லைப்ரரி டீச்சரைப் பிடிக்காது. ஆரம்பத்தில் இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அந்த அம்மாள் சத்தமாகச் சிரிப்பாள். அடுத்தவர் டிபன் பாக்ஸை எட்டிப் பார்ப்பாள். "என்ன டீச்சர், காலங்காத்தால மூஞ்சி இப்படி இருக்கு, வீட்ல சண்டையா?" என்று ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால் கேட்டு வைப்பாள். இதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிற சங்கதிகள்தான். பெற்ற மகளே போய் அவளிடம் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். பள்ளியில் பிரம்பை ஒழித்தாகிவிட்டது. வெயிலில் நிற்க வைப்பது, முட்டி போட வைப்பது, வகுப்புக்கு வெளியே தள்ளுவது எதுவும் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. "அப்ப இனிமே அவனுங்கதான் நம்மள முட்டி போட வைப்பானுங்க" என்று பி.டி. மாஸ்டர் புலம்பித் தீர்த்தார். பிரம்புக்குப் பதிலாக வந்ததுதான் அமைதி அறை. சேட்டை செய்து மாட்டிய பிள்ளைகள் கடைசிப் பீரியடில் லைப்ரரிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போய் உட்கார்ந்து, செய்ததை யோசிக்க வேண்டும். பொறுப்பு லைப்ரரி டீச்சருக்கு.

யோசித்தார்கள், போங்கள்! அவள் அவர்கள் கையில் கோந்தையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, முதுகு பிய்ந்த புத்தகங்களை ஒட்டச் சொல்வாள். தானும் கூட உட்கார்ந்து ஒட்டுவாள். வாய் சும்மா இருக்காது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போன பிள்ளை, சினிமா பார்த்துவிட்டு வருகிற மாதிரி வெளியே வரும். கணக்கு டீச்சருக்கு இது அடுக்கவில்லை. அவள் வகுப்பில் குரலை உயர்த்தும் பேச்சே கிடையாது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் போதும், கடைசி பெஞ்சு வரை கப்சிப். "தண்டனையா இது, பிக்னிக்கா?" என்று அவள் கேட்காத ஆள் இல்லை.

அந்தப் பிக்னிக்குக்கு அவள் மகளே போக ஆரம்பித்தாள்.

மகள் அதே பள்ளியில் எட்டாவது. வீட்டில் கீச்சு என்று பேர். பேச்சு வந்த நாளிலிருந்து ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டிருந்ததால் அப்பா வைத்தது. இப்போது பேர்தான் மிச்சம். கொஞ்ச காலமாக அம்மா எதைக் கேட்டாலும் "ம்", "இல்ல", "சும்மா". இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஒரு மனுஷி குடும்பத்தில் காலம் தள்ள முடியும் என்று கணக்கு டீச்சர் அதுவரை நினைத்ததில்லை.

அப்படிப்பட்ட ஊமைக்கோட்டான் அறிவியல் வகுப்பில் விசில் அடித்தாள் என்று புகார் வந்தது. அடுத்து, வரலாறு சாரின் நடையை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து காட்டினாள். அடுத்து, மணி அடித்த பிறகும் வகுப்புக்கு வராமல் மைதானத்தில் நின்றாள். ஒவ்வொன்றுக்கும் அமைதி அறை.

"ஏண்டி விசில் அடிச்ச?"

"சும்மா."

"சும்மா யாராவது அடிப்பாங்களா? என் மானத்த வாங்கணும்னே பண்றியா?"

"இல்ல."

ஒருநாள் விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு லைப்ரரி பக்கமாகப் போனபோது, ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே வீடெல்லாம் அதைத் தேடிய ஒரு அப்பாவின் கதை. அவர் பீரோவைத் திறந்த விதம், ஃப்ரிட்ஜுக்குள் பார்த்த விதம் என்று இழுத்து இழுத்துச் சொன்னது அந்தக் குரல். கீச்சுவின் குரல்! "ஐயோ போதும்டி, வயிறு வலிக்குது" என்று லைப்ரரி டீச்சர் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கும் வயிறு வலித்தது, சிரிப்பினால் அல்ல. தன் வீட்டில் நடந்த கதை, தனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் லைப்ரரி டீச்சர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "பாவம் டீச்சர் உங்க பொண்ணு. அவ ஃப்ரெண்டு, அந்த ரெட்டை ஜடைக்காரி, இன்னும் பேச மாட்டேங்குறாளாமே? பெஞ்சு கூட மாறி உக்காந்துட்டாளாம். ராத்திரியெல்லாம் அழுதிருக்கு. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? எல்லாம் தெரியும்" என்றாள் கணக்கு டீச்சர். ஒரு மண்ணும் தெரியாது. அந்த ரெட்டை ஜடைக்காரி வீட்டுக்கு வருவதை நிறுத்தியதைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை.

ஊரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் அவளிடம் போகட்டும், யார் வேண்டாம் என்றது? இது நான் பெற்றது. அழுதால் என்னிடம் அல்லவா அழ வேண்டும்? அந்த நினைப்பு அவளை நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது. அமைதி அறையில் ஒழுங்கே இல்லை, பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று, பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். கூடுதல் வேலையை ஒருத்தர் தானாக வந்து கேட்டதில் ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்.

லைப்ரரி டீச்சராவது கொஞ்சம் முகம் சுளித்திருக்கலாம். அதுவும் இல்லை. "நல்லதாப் போச்சு டீச்சர், எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று சாவியைக் கொடுத்தாள். அந்தத் திருப்திகூட கணக்கு டீச்சருக்குக் கிடைக்கவில்லை.

இருந்தாலும் அவள் தயாரானாள். பிஸ்கட் பாக்கெட் வாங்கி அறை அலமாரியில் வைத்தாள். கோந்து புதிதாக வாங்கினாள். கண்ணாடி முன்னால் நின்று, "என்னடி, இன்னிக்கு யாரைப் பாடாப்படுத்தின?" என்று சிரித்தபடி சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே பயமாக இருந்தது. குரலைக் குறைத்து மறுபடியும் சொல்லிப் பார்த்தாள்.

கீச்சு வரவில்லை.

மற்றவர்கள் வந்தார்கள். தண்ணீர்க் குழாயை உடைத்தவன் வந்தான், பரீட்சையில் எட்டிப் பார்த்தவள் வந்தாள். கணக்கு டீச்சரைப் பார்த்ததும் மூச்சுக்கூட விடாமல் ஒட்டிவிட்டுப் போனார்கள். கீச்சு மட்டும் திடீரென்று தங்கமாகிவிட்டாள். விசில் இல்லை, நடை இல்லை. மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருந்தாள்.

"டீச்சர், கை குடுங்க! பொறுப்பு எடுத்ததுமே சொந்தப் பொண்ணத் திருத்திட்டீங்களே" என்றார் வரலாறு சார். அறிவியல் டீச்சரும் பாராட்டினாள். ஹெட்மாஸ்டர் காலைக் கூட்டத்தில் ஜாடையாக மெச்சிப் பேசினார். ஒவ்வொரு பாராட்டும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதற்கும் சிரித்து வைக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரிப் பக்கம் போனால் கீச்சு அங்கே இருப்பாள். சேட்டை செய்யாமலும் அங்கே போகலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியாதா என்ன?

"இன்னிக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல" என்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவனிடம் முறையிட்டாள்.

மருந்துக்கடை வைத்திருந்த அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நல்ல விஷயம்தானே? நீ என்ன, ஒப்பாரி வைக்கிற மாதிரி சொல்ற?"

அதற்குள் கீச்சு கை கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரம் எட்டாம் வகுப்பு ஆசிரியை லீவு. கணக்கு டீச்சர் போய் உட்கார வேண்டி வந்தது. கரும்பலகையில் கணக்கு எழுதும்போது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினாள். சிரித்தது ஜன்னலோர பெஞ்சு என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. கீச்சு நடு பெஞ்சில் தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எங்கிருந்து வந்ததோ புத்தி, இல்லை, புத்திகெட்டதனம். கண்ணாடியைக் கழற்றினாள்.

"எழுந்திரு. டீச்சரைப் பாத்தா சிரிப்பு வருதா? கடைசிப் பீரியட் அமைதி அறைக்கு வா."

கீச்சு எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். வகுப்பு மொத்தமும் ஜன்னலோர பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

விதிப்படி புகாரை ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யார்மேல் புகார் வந்தாலும், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "உண்மையா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்பார். இல்லை என்றால் வகுப்பை விசாரிப்பார். வகுப்பே சாட்சி சொல்லும். பெற்ற மகள்மேலேயே பொய்ப் புகார் கொடுத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு இந்தப் பள்ளியில் எப்படி நடமாடுவது?

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இரண்டு பேரையும் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். கீச்சுவின் கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, டீச்சர் சொல்றது உண்மையா? பயப்படாம சொல்லு."

கணக்கு டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ஆமா சார்" என்றாள் கீச்சு. "நான்தான் சிரிச்சேன்."

கணக்கு டீச்சருக்கு அங்கேயே பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. விட்டுக்கொடுக்கவில்லை! ஊமையாய் இருந்தாலும், முகம் கொடுக்காவிட்டாலும், நாலு பேர் முன்னால் அம்மாவை என் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிப் பீரியடுக்கு நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. வழியில் லைப்ரரி டீச்சர் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் அவளைப் பார்த்து, அந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக, மனதாரச் சிரித்தாள். சிரிடி சிரி, நீ எவ்வளவு சிரித்தாலும் ரத்தம் ரத்தம்தான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு அமைதி அறையில் வேறு யாரும் இல்லை. கீச்சு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா பிஸ்கட்டைப் பிரித்து வைத்தாள். மகள் எடுக்கவில்லை.

"அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் கொட்டியது. "நீ சிரிக்கலன்னு எனக்குத் தெரியும். நீ அவங்ககிட்ட மட்டும் பேசுற, என்கிட்ட பேசமாட்டேங்குற. என்னால தாங்க முடியல. இப்படியாவது நீ இங்க வருவேன்னுதான் அப்படிப் பண்ணேன்."

கீச்சு கோந்து டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"ஆனா நீ என்னைக் காப்பாத்திட்ட. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கதி என்ன? என் தங்கம். உனக்கு எப்படித் தோணிச்சு அப்படிச் சொல்ல?"

"எனக்குத் தோணலம்மா" என்றாள் கீச்சு. வெகுநாளைக்குப் பிறகு முழுசாகப் பேசினாள். "எனக்கு ரொம்பக் கோவம். ஹெட்மாஸ்டர்கிட்ட உண்மையச் சொல்லிடுவேன்னுதான் இருந்தேன். சாப்பாட்டு நேரத்துல லைப்ரரி டீச்சர்கிட்ட போய் அழுதேன். அவங்கதான், அம்மா பாவம்டி, உன்மேல இருக்கற ஆசைல பண்ணிட்டாங்க, ஒத்துக்கோன்னு சொன்னாங்க. நான் மாட்டவே மாட்டேன்னேன். அவங்கதான் விடல."