ஈர மணல் மூட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை மனைவியைச் சமாதானப்படுத்தத்தான் ஆரம்பித்தேன். "உங்க கதையில வர்ற பொம்பளைங்க யாருமே வேலைக்குப் போறதில்லையே, ஏன்?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி, அவள் வேலையையே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

அவள் ஆன்டெனா வடிவமைப்பவள். கம்பியாக நீட்டிக்கொண்டிருப்பது அல்ல; மலைப்பாதை மீட்பு வண்டியின் கூரைக்குள்ளேயே அடங்கியது. வண்டி உருண்டால் அந்தக் கூரை உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டும். அதே கூரை எல்லா அலைவரிசையிலும் பேசவும் வேண்டும். கார்பன் இழைத் தகட்டில் வெட்டும் பிளவுதான் ஆன்டெனா. பிளவு அகலமானால் அலைவரிசைகள் கூடும், கூரையின் பலம் குறையும். பலத்துக்குப் பொறுப்பு அவளுடைய அக்கா கணவர், அதாவது என் சகலை. [கற்பனையாக இருந்தால் இவ்வளவு வசதியாக எழுத எனக்கே கூச்சமாக இருந்திருக்கும்.]

2

முதல் தொடக்கம்: 'அத்தானின் இதயமும் அவர் சோதிக்கும் தகடுகளைப் போலவே' – வேண்டாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் சகலையை வில்லனாக்கினேன். பிளவை நாலு மில்லிமீட்டர் குறைக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தானே.

மனைவி படித்தாள். "அத்தானைக் கெட்டவராக்காதீங்க. அவரோட கூரை ரெண்டு தடவை நசுங்கிருக்கு. மூணாவதும் போச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. பயம் இருக்காதா?"

வில்லனைக் கைவிட்டேன்.

3

மூன்றாவது தொடக்கம் ஓடியது.

குறுகிய பிளவோடு கூரையை நிறுத்தி, மேலே மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கூரை அசையவில்லை. பாரம் ஏறியிருக்கும்போதே அவள் அளவுக் கருவியைப் பொருத்தினாள். அனுப்பிய சக்தியில் திரும்பி வந்தது சொற்பம், எல்லா அலைவரிசையிலும்; திரும்பாதது அலையாக வெளியே போய்விட்டது என்று கணக்கு. குறுகிய பிளவு இப்படிச் செய்யும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பாரத்தோடு வேலை செய்வது பாரம் இறங்கினால் செய்யாதா என்று, மறுபடி அளக்காமலே அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். "உங்க அக்காகிட்ட நான்தான் முதல்ல சொல்வேன்" என்று அத்தான் போனை எடுத்தார். கூரை பெயின்ட் அடிக்கப் போனது.

இங்கே கொஞ்சம் வருணனை வேண்டும் என்று தோன்றியது. சமையலறையில் இருந்தவளிடம் கேட்டேன், "அன்னைக்கு வெயிலா, மழையா?"

"முந்தின நாள் நல்ல மழை. மூட்டையெல்லாம் ஊறிக் கிடந்துச்சு. மண்வாசனைன்னு எழுதுங்க, உங்களுக்குத்தான் –"

கரண்டி நின்றது.

"ஐயோ, ஈரம்" என்றாள்.*

* ஈர மணல் அலையைக் குடித்துவிடும். குடித்தது திரும்பி வராது. திரும்பி வராததெல்லாம் வானத்துக்குப் போய்விட்டது என்று இவள் நம்பிவிட்டாள்.

4

முடிவு அ: யாரிடமும் சொல்லவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், இதைத்தான் முதலில் எழுதினேன். அக்காவும் தங்கையும் பேசாமல் போய்விடுவார்களோ என்று பயம். ஆனால் அதற்குப் பிறகு, மலையில் நாலு பேர் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டும் யாருக்கும் கேட்காத ஒரு பத்தியை எழுத வேண்டியிருந்தது. பாதியில் கை ஓட –

முடிவு ஆ: மூட்டைகள் காய்ந்துதான் இருந்தன, எல்லாம் வீண் பயம்.

"உங்க பேனாவுக்கு வேணா மணல் காயும்" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம். நாளைக் காலை வண்டி கிளம்புகிறது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தான், மூட்டையெல்லாம் ஈரமா இருந்துச்சுல்ல?"

"ஆமாம்மா. ஒவ்வொண்ணையும் எடை போட்டு எழுதி வெச்சிருக்கேனே. எனக்கு எடைதானே முக்கியம். ஏன்?"

சொன்னாள். எதையும் மறைக்காமல், தன் தவறு என்றே சொன்னாள். "அறிக்கையத் திரும்ப வாங்கிக்கறேன். ஆனா பிளவப் பழையபடி அகலமாக்கணும். கூரைய மறுபடி சோதிக்கணும்."

"மறுபடி நசுங்குனா?"

"நசுங்கலாம், அத்தான்."

பின்னால் அக்காவின் குரல், போனில் யார் என்று கேட்டது.

மனைவி என்னைப் பார்த்து, எழுதாதே என்று கையைக் காட்டினாள். நிறுத்திவிட்டேன். அடுத்த வாக்கியம் சகலையுடையது, அவருக்காகப் பேச எனக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுதுவதானால் அவருடைய பயத்தையும் வண்டியில் ஏறப்போகும் நாலு பேரையும் சேர்த்தே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், அவர் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.