பத்து எண்ணும்வரை

போலீஸ்ல இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. நான் முறைச்சாலே போதும், பிக்பாக்கெட்காரன் பழைய கேஸையும் சேர்த்து ஒத்துக்குவான். அப்பேர்ப்பட்ட என்னைக் குழந்தைங்க நாற்காலியில உட்கார வச்சுட்டாங்க. எழுந்தா நாற்காலியும் கூடவே எழுந்து வருது. பயிற்சிக்குக் கூட வந்த ஏட்டு சிரிச்சார். முறைச்சேன், சிரிப்பை இருமலா மாத்திக்கிட்டார்.

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைங்களை எப்படி விசாரிக்கணும்னு பயிற்சி. சொல்லிக்கொடுத்த டாக்டரம்மாவுக்கு என் வயசுல பாதி. பதிலை நாம ஊட்டக் கூடாதாம். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்கக் கூடாதாம். "என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணுறவரைக்கும் வாயை மூடணுமாம். என்னைப் போய்!

ஏட்டு, அந்த மீசையோட, பந்தைத் தொலைச்ச குழந்தையா நடிச்சார். "பக்கத்து வீட்டுக்காரன்தானே எடுத்தான்? சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?"னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஆமான்னார். டாக்டரம்மா விடை எழுதி வச்சிருந்த சீட்டைப் பிரிச்சா, பந்து கட்டிலுக்கு அடியிலன்னு இருக்கு.

"நாலு நிமிஷத்துல ஒரு அப்பாவியை உள்ளே தள்ளிட்டீங்க மேடம்"னாங்க.

மறுநாள் தேர்வு. பாஸானவங்கதான் இனிமே குழந்தைங்களை விசாரிக்கலாம். எங்க ஸ்டேஷனுக்கு ஒரு ஆறு வயசுப் பொண்ணு வந்திருக்கா. யார்கிட்டயும் பேசல, என் விரலை மட்டும் பிடிச்சுக்கிட்டா. நான் ஃபெயிலானா, அந்தப் பிள்ளை முகம் தெரியாத யார்கிட்டயோ போய் உட்காரணும்.

சாயங்காலம் என் எட்டு வயசு மகளை வச்சுப் பழகினேன். போன மாசம் டி.வி.யை உடைச்சதுக்கு அவளை ரெண்டு வாரம் விளையாட விடாம வச்சிருந்தேன். அதையே எடுத்தேன்.

"டி.வி. உடைஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு."

எண்ண ஆரம்பிச்சேன். ஆறுல நாக்கு அரிச்சுது. எட்டுல சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர், "முடிஞ்ச கதையை ஏன் கிளறுறே?"ன்னார். பத்துல மகள் வாயைத் திறந்தா.

"அப்பா ஃபேன்ல ஒட்டடை அடிச்சார். கம்பு டி.வி. மேல விழுந்துடுச்சு."

பாத்திரச் சத்தம் நின்னு போச்சு. பின்கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அடப்பாவி! ஒரு மாசமா குற்றவாளிக்கு நானே சோறு போட்டிருக்கேன்!

"அப்புறம்?"னு மட்டும் கேட்டேன்.

"நீ 'நீதானே, நீதானே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேம்மா. ஆமான்னு சொன்னா நீ நிறுத்திடுவியேன்னு சொல்லிட்டேன்."

"மன்னிச்சிடுடி கண்ணு"ன்னு அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி குற்றவாளிதான் எல்லாப் பாத்திரமும் தேய்ச்சார்.

தேர்வுல பாஸாயிட்டேன். அடுத்த நாள் அந்தப் பொண்ணு எதிர்ல, அதே மாதிரி குட்டி நாற்காலியில உட்கார்ந்தேன். "என்ன நடந்துச்சு, உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுடா"ன்னேன்.

பத்து எண்ணினேன். முப்பது ஆச்சு. நாற்பத்தேழுல அவ என் விரலைப் பிடிச்சா.

"நான் சொல்றப்ப நீங்க நடுவுல பேச மாட்டீங்கல்ல?"

மாட்டேன்னு தலையை மட்டும் ஆட்டினேன்.