பெட்டியில் இருந்த ஜோடி

என் வீட்டுக்காரர் எதையும் லேசில் பிரிக்க மாட்டார். ஃப்ரிட்ஜ் வாங்கி வருஷக்கணக்கில் ஆகியும் அதன் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது. டி.வி. ரிமோட்டுக்கு ஓர் உறை, உறைக்கு மேல் இன்னோர் உறை. கேட்டால், "நல்ல பொருளு, பாழாயிடக் கூடாதுல்ல" என்பார். அனுபவிக்கத் தெரியாத மனுஷன் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மலைக்குப் போகிற ஷூவும் அப்படித்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஏறி இறங்குகிறவருக்கு லீவு நாளிலும் ஏறத்தான் தோன்றும். பாறையில் ஏற ஒரு ஷூ, அந்தப் பாறையின் அடிவரைக்கும் நடந்து போக வேறொரு ஷூ. நடக்கிற ஷூவைத் தள்ளுபடியில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கினார். ஒன்றைத் தேய்தேய் என்று தேய்த்தார். இன்னொன்று பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டோம். பெட்டியும் எங்களோடு மூன்று வீடு பார்த்துவிட்டது.

இன்று காலைதான் அதைப் பிரித்தார். கூடத்தில் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிறகு தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என் நாத்தனாருக்கும் இதே பைத்தியம். அவர்கள் போனபின் பார்த்தால் தரையெல்லாம் கறுப்புத் தூள். எங்கேயோ மிதித்ததைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டே கூட்டி அள்ளினேன்.

அப்புறம் நானும் கிளம்பினேன், மலைச் சாமான் விற்கிற கடைக்கு. "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் ஓய்ந்துபோயிருந்தார். அடுத்த தடவை நான் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவர் வாயடைத்துப் போக வேண்டும். இதுதான் என் திட்டம்.

கண்ணைப் பறிக்கும் சிவப்பில் ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் சிரிக்காமல் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். கணுக்கால் வரை மூடுகிற அந்த பூட்ஸ் மூட்டை சுமந்து நெடுந்தூரம் நடக்கத்தான் சரியாம். பாறையில் கால் வைத்தால் அடியில் இருப்பது தெரியாதாம். கணுக்காலுக்குக் கீழே நிற்கிற, விரல் நுனிவரை லேஸ் இழுத்துக் கட்டுகிற, முனையில் வழவழப்பான ரப்பர் வைத்த ஒரு ஜோடியைக் கொடுத்தார். தடிமனான சாக்ஸ் போடச் சொன்னார். கடை மூலையில் கல் பதித்த சரிவுப் பலகை இருந்தது. அதில் கீழ்நோக்கி இறங்கச் சொல்லி, விரல் முன்னால் இடிக்கிறதா என்று கேட்டார். இடிக்கவில்லை. எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் பெட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா பெட்டியிலயே இருந்துச்சு?"

எனக்கே சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு வருஷம் என்றேன். அவர் உள்ளே போய், விற்காமல் கிடந்த பழைய ஷூ ஒன்றை எடுத்துவந்தார். பளபளவென்று இருந்தது. அதன் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. மேஜைமேல் கறுப்புத் தூள் உதிர்ந்தது.

"போட்டு நடந்தா நல்லா உழைக்கும், மேடம். சும்மா வெச்சாத்தான் காத்துல இருக்கற ஈரம் உள்ள போய் அரிச்சிடும். மேல ஒண்ணும் தெரியாது. பழசையே போட்டுட்டுப் போயிருந்தாக்கூடப் பரவால்ல."

காலையில் நான் முறத்தில் அள்ளியதும் இதே தூள்தான். பையிலிருந்து ஃபோனை எடுத்தேன்.

எந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று கடைக்காரர் கேட்டார். பாறையின் அடிக்குப் போக ஓரடி அகல விளிம்பு ஒன்று உண்டு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, அங்கே கயிறும் கிடையாது, அவர் முதலில் கடந்துபோய் வளைவுக்கு அப்பால் கயிறு கட்டி, பிறகுதான் தங்கையைக் கூப்பிடுவார் என்றேன். எத்தனையோ தடவை அவர் சாப்பிடும்போது சொல்லி, நான் காதில் பாதியாக வாங்கியது. சொல்லச் சொல்லத்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

அவருக்கு ஃபோன் போகவில்லை. நாத்தனாருக்கும் போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரத் தோன்றவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள். காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அண்ணி, அண்ணன் புது ஷூன்னுதானே சொன்னாரு? அதோட அடிப்பாகம் கழண்டு இங்க கிடக்கு."

எங்கே என்றேன். விளிம்பில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் என்றாள். இவள் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாராம். கயிறு கட்டிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றவர் இன்னும் கூப்பிடவில்லையாம்.

"நீ அங்கேயே நில்லு, நகராத. அண்ணனைக் கூப்பிடு."

கூப்பிட்டாள். நிறுத்திக் காதுகொடுத்தாள். நானும் காதுகொடுத்தேன். காற்றுதான் கேட்டது. மறுபடி கூப்பிட்டபோது அவள் குரல் மாறியிருந்தது.

நான் கடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் காலில் இன்னும் அந்தப் புது ஷூ இருந்தது. அது விரலில் எங்கேயும் இடிக்கவில்லை.