முதலில் முத்துப்பேச்சிக்கு

மணல்வாரி அம்மைக்குத் தடுப்பூசி வந்திருக்கிறது என்று நர்ஸம்மா வாசலில் நின்று சொன்னபோது, எனக்கு யோசனை கேட்க ஒரு ஆள் இல்லை. அது 1986. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் நானும் என் இரட்டைப் பிள்ளைகளும் மட்டும். பையன் இருளப்பசாமி, பொண்ணு முத்துப்பேச்சி, இரண்டு பேருக்கும் பதினொரு மாதம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில். எந்த மலையில் இருக்கிறார் என்றுகூட எழுத மாட்டார். 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் எண்ணைப் போட்டால் கடிதம் போய்ச் சேரும், எனக்குத் தெரிந்த ஊர் அவ்வளவுதான்.

“வர்ற புதன்கிழமை ரெண்டையும் கொண்டாந்துரு பாலம்மா. மருந்து பாட்டிலை உடைச்சா அன்னைக்கே போட்டு முடிச்சிரணும். அதனால மாசத்துக்கு ஒரு நாள்தான்” என்றார் நர்ஸம்மா.

குழாயடியில் வேறு பேச்சு. “ஆத்தா குடுக்க அம்மைய ஊசி போட்டுத் தடுத்தா அவ சும்மா விடுவாளா?” என்றாள் ஒருத்தி. ஊசி போட்ட மறுநாளே ஒரு பிள்ளை கண்ணை மூடிவிட்டது என்றாள் இன்னொருத்தி. எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரியாமலே அடித்துச் சொன்னார்கள். இதையெல்லாம் நான் நம்பவில்லை என்று குடத்தைத் தூக்கினேன். பாதி வழியில் நம்பிவிட்டேன். ஆனால் போன பங்குனியில் அடுத்த தெருவில் மணல்வாரி கண்டு மூன்று வயதுப் பிள்ளை போனதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதை என்ன செய்வது?

மாமியார் வீடு கூமாப்பட்டியில். சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் என் அண்ணன் வேலுசாமியிடம் பஸ் ஏறிப் போனேன்.

“அவிய பிள்ளைகளப் பத்தி அவியகிட்டக் கேளுட்டி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நானா பதில் சொல்லுவேன்?” என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டான்.

வீட்டுக்காரருக்கு எழுதிப் போட்டேன். பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாகும் என்று தெரிந்துதான் எழுதினேன். கேட்ட மாதிரியாவது இருக்கட்டும் என்று.

அந்தப் புதன்கிழமை நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டினேன். இரண்டு பேருக்கும் சட்டை மாட்டினேன். பிறகு பையனை வீட்டுக்கார அம்மா மெகராஜ் பேகத்திடம் விட்டுவிட்டு, பொண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தேன். இவளுக்குப் போட்டுப் பார்ப்போம், ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்த மாதம் அவனுக்கு. இப்படி யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய். கை தானாக அவளைத்தான் தூக்கியது.

“இன்னொண்ணு எங்க?” என்றார் நர்ஸம்மா.

“அவனுக்குக் காய்ச்சல்மா.”

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது பொண்ணுக்கு. நெஞ்சிலும் கழுத்திலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது. சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், இரண்டு நாளில் போய்விடும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லித்தான் இருந்தார். குழாயடிக்காரிகளுக்கு அது போதவில்லை. அம்மை கண்ட வீடென்று ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. மெகராஜ் பேகம் மட்டும் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

அந்த இரண்டு நாளும் அவளை மடியில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உடம்பு கொதிக்கும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ஏட்டி, என்னயப் பாக்காத” என்றேன். அவளுக்கு என்ன தெரியும்? இவள் போனால் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்துத்தானே இவளைத் தூக்கிப் போனேன்! அப்படி நினைத்தவளுக்கு அவளைக் கீழே இறக்கிவிடக்கூட முடியவில்லை. அவர் பதில் வந்ததும் எல்லாவற்றையும் எழுதி, நன்றாக நாலு திட்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த மாதம் பையனுக்கும் ஊசி போட்டேன். அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதற்கு நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது.

“ஊசி கட்டாயம் போட வேண்டும். யார் பேச்சையும் கேட்காதே. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் போட்டுவிடாதே. முதலில் முத்துப்பேச்சிக்குப் போட்டுப் பார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் பிறகு தம்பிக்குப் போடலாம்.”

திரும்பத் திரும்பப் படித்தேன். இனி எனக்குத் திட்டு விழாது. என் மகளுக்காக என்மேல் கோபப்பட இருந்த ஒரே ஆளும் இல்லாமல் போனது. அவள் கடிதத்தைப் பிடுங்கப் பார்த்தாள். கொடுக்காமல் மடித்து வைத்துவிட்டு, ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்துப் பதில் எழுதினேன்.

“பிள்ளைகள் சுகம். நீங்கள் சொன்னபடியே செய்தாயிற்று.”